பரியனின் கதையிலிருந்து சாதியை எடுத்துவிடாதீர்கள்

திருகோணமலையில் இசை நாடகம் போட முன்வந்திருக்கும் செயற்குழுவில் உள்ள ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும், நெறியாள்கை செய்யவிருக்கும் தம்பிக்கும், ஒத்திகைக்கு வரத் தொடங்கியிருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

'பரியேறும் பெருமாள்' படத்தைத் தழுவி, பாட்டும் ஆட்டமுமாக ஒரு மேடை நாடகம் போடப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டபோது உண்மையிலேயே மகிழ்ந்தேன். மாரி செல்வராஜ் எடுத்து 2018இல் வந்த அந்தப் படத்தை என்னிடம் படித்த பிள்ளைகள் பலர் காட்சி காட்சியாகச் சொல்வார்கள். ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த பரியன் என்ற திருநெல்வேலிக் கிராமத்துப் பையன் சட்டம் படிக்கப் போய், வகுப்பில் ஆங்கிலம் விளங்காமல் கூனிக்குறுகும் இடத்தில் தங்களையே பார்த்ததாகச் சொன்னவர்களும் உண்டு. அவனோடு படிக்கும் ஆதிக்க சாதிப் பெண் ஜோ அவனோடு நெருங்கிப் பழகுவதால் அவனுக்கு வரும் துன்பம்தான் கதை. அதைச் சின்னப் பிள்ளைகள், அம்மம்மாமார் எல்லோரும் சேர்ந்திருந்து பார்க்கிற மாதிரிச் செய்யப் போகிறோம் என்று நீங்கள் அறிவித்தது எனக்குப் பிடித்திருந்தது. மூன்று தலைமுறையும் ஒன்றாக இருந்து பார்க்கிற நாடகம் இந்த ஊரில் அருகிவிட்டது.

அப்புறம்தான் பெற்றோருக்கு நீங்கள் கொடுத்த கதைச் சுருக்கத்தை வாசித்தேன். அதில் பரியன் ஏழை, ஜோ பணக்காரி. வறுமையைக் காரணம் காட்டி ஜோவின் தகப்பன் அவனை ஒதுக்குகிறார். கருப்பி என்ற நாய் தொலைந்துபோய்த் திரும்பி வருகிறது. பரியனின் அப்பா பாட்டு வாத்தியார். படத்தில் சாதிக்காகக் கொலை செய்யும் கிழவர் இதில் இல்லவே இல்லை. கடைசியில் எல்லோரும் சேர்ந்து கலியாணப் பாட்டுப் பாடுகிறார்கள். சாதி பற்றி ஒரு வரி கூடக் கிடையாது. குடும்பங்கள் சங்கடப்படக் கூடாது என்பதற்காக இப்படி மாற்றியதாக விளக்கமும் எழுதியிருக்கிறீர்கள்.

என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வன்முறையை எவ்வளவு வேண்டுமானாலும் மென்மையாக்குங்கள். அதற்கு வேண்டிய வழிகள் எங்கள் அரங்க மரபிலேயே இருக்கின்றன. ஆனால் அந்த வன்முறை ஏன் நடக்கிறது என்ற காரணத்தைத் தயவுசெய்து எடுத்துவிடாதீர்கள்.

பெற்றோரின் பயத்தை நான் லேசாக நினைக்கவில்லை. தண்டவாளத்தில் கட்டிப்போட்ட நாய் ரயிலில் அடிபடுவதை எட்டு வயதுப் பிள்ளைக்கு அப்படியே காட்டினால் அது அன்றிரவு நித்திரை கொள்ளாது. ஜோவின் குடும்பக் கலியாணத்தில் பரியனை அறைக்குள் வைத்து அடித்து, அவன்மீது சிறுநீர் கழிக்கும் காட்சியை மேடைக்குக் கொண்டுவர வேண்டும் என்று யாரும் கேட்க மாட்டார்கள், நானும் கேட்கவில்லை. கெட்ட வார்த்தைகளை வெட்டுங்கள். கிழவர் செய்யும் கொலைகளில் ஒன்றைக் குறிப்பால் உணர்த்தினால் போதும். இதையெல்லாம் குறைப்பதால் கதைக்கு ஒரு நட்டமும் இல்லை.

காரணத்தை மாற்றுவது அப்படிப்பட்டதல்ல. அந்தக் கலியாணத்துக்குப் பரியனை அழைத்ததே ஜோதான். அவன் ஆசையோடு, நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு போகிறான். அங்கே அவனை ஏன் அடிக்கிறார்கள்? வறுமைதான் குறை என்றால், படித்து முடித்து உத்தியோகம் எடுத்தால் தீர்ந்துவிடும். பொறுத்திரு தம்பி, படி தம்பி என்று ஒரு பாட்டைப் போட்டு நாடகத்தை முடித்துவிடலாம். ஆனால் அவனுக்குப் படிக்க வந்த இடத்திலேயே அடி விழுகிறது. எவ்வளவு படித்தாலும் சிலருடைய கண்ணுக்கு அவன் அவனுடைய ஊரின் அந்தப் பக்கத்துப் பையன்தான். உங்கள் சுருக்கத்தை வாசிக்கிற ஒரு பிள்ளை, ஏழையாக இருப்பதுதான் பரியனின் பிழை என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும். அந்தப் பிள்ளைக்கு நாங்கள் சொல்லிக்கொடுக்க விரும்புவது இதைத்தானா?

ஜோவின் தகப்பனையும் பாருங்கள். சுருக்கத்தில் அவர் பணத்திமிர் பிடித்த ஒருவர், அவ்வளவுதான். அப்படிப்பட்டவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு மறந்துவிடலாம். படத்தில் வருகிறவர் மகள்மேல் உயிராக இருக்கிறவர். பையன் நல்லவன் என்பதும் அவருக்குத் தெரியும். தெரிந்தும் தன் சொந்தக்காரருக்கு முன்னால் அவரால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை. எங்கள் வீடுகளில் இருக்கும் பெரியவர்கள் பலர் இவரைப் போன்றவர்கள். பார்வையாளரில் இருக்கும் ஒரு தகப்பன் தன்னை அடையாளம் காணக் கூடிய பாத்திரம் இது ஒன்றுதான். அதை இழந்துவிடாதீர்கள்.

கடினமான படத்தைக் குடும்பங்களுக்கான இசை நாடகமாக்குவது உங்களோடு தொடங்கியதல்ல. 'சாட்டர்டே நைட் ஃபீவர்' என்ற அமெரிக்கப் படம் 1977இல் வந்தது. புரூக்ளினில் பெயின்ட் கடையில் வேலை செய்யும் ஓர் இளைஞன் சனிக்கிழமை இரவுகளில் நடன மண்டபத்தில் ராஜாவாக இருக்கிற கதை. பீ ஜீஸ் குழுவின் பாட்டுகளும் நடனமும் உலகம் முழுக்கப் பரவின. ஆனால் படம் முழுக்க இனவெறிச் சண்டை, போதை, பெண்மீதான வன்முறை, பாலத்திலிருந்து விழுந்து சாகும் ஒரு நண்பன். சிறுவர்களும் பார்க்கட்டும் என்று 1979இல் அதைக் குறைத்து வெட்டி மறுபடி வெளியிட்டார்கள். 1998இல் லண்டனில் இசை நாடகமாகப் போட்டபோது, குடும்பங்கள் வரவேண்டும் என்று இனச் சண்டை, போதை போன்றவற்றை எடுத்துவிட்டார்கள். நாடகம் நன்றாகவே ஓடியது. அடுத்த வருடம் நியூயோர்க்குக்குப் போய் 500 காட்சிகளையும் தாண்டியது. ஆகவே இப்படிச் செய்தால் ஆட்கள் வரமாட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. வருவார்கள், கைதட்டுவார்கள். ஆனால் அந்தப் பையனுக்கு நடனம் ஏன் அவ்வளவு தேவைப்பட்டது என்பது அவனைச் சுற்றியிருந்த இருட்டைப் பார்த்தால்தான் விளங்கும். இருட்டைக் குறைக்கக் குறைக்க, மிஞ்சுவது நல்ல பாட்டும் நல்ல ஆட்டமும்தான்.

'பில்லி எலியட்' எதிர்த் திசையில் போனது. 2000இல் படமாக வந்தது. 2005இல் அதே நெறியாளரும் அதே எழுத்தாளரும் சேர்ந்து, எல்டன் ஜோனின் இசையோடு லண்டனில் மேடையேற்றினார்கள். 1984, 85இல் இங்கிலாந்தில் நடந்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம்தான் பின்னணி. தகப்பனும் தமையனும் வேலைநிறுத்தத்தில் நிற்க, பதினொரு வயதுப் பையன் பாலே நடனம் பழக ஆசைப்படுகிறான். குடும்பங்களுக்கான நாடகம்தானே, தொழிற்சங்கச் சண்டை எதற்கு என்று அவர்கள் அதைத் தூக்கி எறியவில்லை. தொழிலாளர்களும் பொலிஸாரும் ஒருபக்கம் மோத, அவர்களுக்கு நடுவிலேயே சின்னப் பெண்பிள்ளைகள் நடன வகுப்பில் காலெடுத்து வைக்க, எல்லாம் ஒரே பாட்டில் கலந்து வரும்படி ஒரு காட்சியை அமைத்தார்கள். அதைப் பார்க்கிற பிள்ளை பயப்படாது. ஆனால் அந்த ஊரில் என்ன நடக்கிறது என்பது அதற்கு நன்றாக விளங்கும். கடைசியில் பையன் படிக்கப் போகிறான், வேலைநிறுத்தம் தோற்றுத் தொழிலாளர்கள் சுரங்கத்துக்குள் இறங்குகிறார்கள். மகிழ்ச்சியும் தோல்வியும் ஒரே முடிவில். லண்டனில் அது 2016 வரை ஓடியது.

லண்டன்வரை போகத் தேவையுமில்லை. எங்கள் ஆட்கள் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு விடிய விடியப் பார்த்தவை எவை? அரிச்சந்திரன் மயான காண்டம். பாம்பு கடித்துச் செத்த மகனைத் தாய் தூக்கிக்கொண்டு வருகிறாள், சுடலை காக்கும் தகப்பன் அவளிடமே கூலி கேட்கிறான். நடிகமணி வி. வி. வைரமுத்து அதைப் பாடி நடித்தபோது அழாத குடும்பம் உண்டா? கண்ணகி கதையில் குற்றமில்லாத கணவன் வெட்டுப்படுகிறான், ஒரு நகரம் எரிகிறது. வைகாசி பிறந்தால் கிழக்கில் கண்ணகி கோயில்களில் அந்த வழக்குரையைப் பாடுகிறோம். அதைச் சிறுபிள்ளைகள் கேட்கக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை.

காத்தவராயன் கூத்தை இன்னும் கூர்ந்து பார்க்கும்படி கேட்கிறேன். தாழ்ந்தவன் என்று ஒதுக்கப்பட்ட காத்தான், பிராமணப் பெண் ஆரியமாலாவை விரும்புகிறான். அதற்குத் தண்டனை கழுமரம். அம்மன் கோயில் முற்றத்தில் நேர்த்திக்கு ஆடப்படுகிற கூத்து இது. கழுவில் ஏறிக்கொண்டே அவன் பாடும்போது பெண்கள் கண்ணீர் விட்டுக் கும்பிடுவார்கள். சாதி மாறிக் காதலித்த ஒருவனைக் கொல்லத் துணியும் கதையைத்தான் எங்கள் குடும்பங்கள் காலங்காலமாகப் பக்தியோடு பார்த்து வந்திருக்கின்றன. பரியன் கதை மட்டும் எப்படிக் குடும்பத்துக்கு ஒவ்வாததாகும்?

சாதியை மேடையில் நேராகப் பேசியதும் எங்கள் அரங்கம்தான். 1968இல் யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில், ஒடுக்கப்பட்ட சாதியினரை உள்ளே விடக் கேட்டு நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டத்தை வைத்து என். கே. ரகுநாதன் எழுதிய 'கந்தன் கருணை', காத்தவராயன் கூத்துப் பாணியில் 1970களில் வடக்கில் ஊர் ஊராக ஆடப்பட்டது. மௌனகுருவின் 'சங்காரம்' நாடகம் வடமோடிக் கூத்தின் ஆட்டத்தை எடுத்துச் சமூக ஏற்றத்தாழ்வைப் பேசியது. அந்தக் காலத்தில் இவற்றை ஆடுவதற்கு இன்றைக்கு உங்களுக்கு வேண்டியதைவிடப் பலமடங்கு துணிவு வேண்டியிருந்தது.

சரி, எப்படிச் செய்வது? நெறியாள்கை செய்யும் தம்பிக்கு இது தெரியாததல்ல. ஆனாலும் நாடகமும் அரங்கியலும் படிப்பித்தவள் என்ற உரிமையில் சிலதைச் சொல்கிறேன்.

கருப்பியை ஒரு சிறுமி ஆடட்டும். நாய் வேஷம் போட வேண்டாம், காலில் சலங்கை மட்டும் போதும். பரியனோடு வேட்டைக்குப் போகும் வரவு ஆட்டத்திலேயே பார்வையாளருக்கு அவளைப் பிடித்துவிடும். ரயிலை மத்தளம் கொண்டுவரட்டும். பாட்டுக் குழு முழுவதும் தாளக்கட்டைச் சொல்லிக்கொண்டு, காலம் கூட்டிக் கூட்டி மேடையின் குறுக்கே வரட்டும். அவர்கள் கடந்து போனபின் பரியனின் கையில் சலங்கை மட்டும் இருக்கட்டும். இரத்தம் இல்லை, நாயின் உடல் இல்லை. பிள்ளைகள் அழுவார்கள், அழட்டும். கூத்தில் செத்துப்போனவர் மறுபடி ஆடி வருவது வழக்கம்தானே. படத்திலும் கருப்பி நீல நிறத்தில் திரும்பத் திரும்ப வந்து பரியனுக்கு வழிகாட்டுகிறாள். உங்கள் சிறுமியும் நீல உடுப்போடு திரும்பி வரலாம். தொலைந்த நாய் வீட்டுக்கு வந்தது என்று பொய் சொல்லாமலேயே பிள்ளைகளுக்கு ஆறுதல் கொடுக்கலாம்.

கலியாண வீட்டை இரண்டு பாட்டாகப் பிரிக்கலாம். வெளியே நாதஸ்வரமும் கும்மியும், உள்ளே மூடிய கதவு. கதவுக்கு இந்தப் பக்கம் நடக்கும் ஆட்டம் நிற்காமல் போகட்டும், ஜோவும் அதில் ஆடட்டும். உள்ளே என்ன நடந்தது என்பதைப் பரியன் வெளியே வந்தபின் ஒரு விருத்தத்தில் சொல்லட்டும், முழுவதையும் சொல்லவும் வேண்டாம். உண்மையில் ஜோவுக்கு அது கடைசிவரை தெரியாது, பரியன் அவளிடம் சொல்வதே இல்லை. அந்த மௌனம்தான் இந்தக் கதையில் அவன் அவளுக்குக் காட்டும் அன்பு. கலியாணப் பாட்டோடு முடித்தால் அந்த அன்பு அர்த்தமில்லாமல் போய்விடும்.

கிழவரைப் பற்றி. விபத்துப் போலவும் தற்கொலை போலவும் காட்டி உயிரை எடுத்துக்கொண்டு, அதைக் குலத்துக்குச் செய்யும் கடமை என்று நம்புகிற மனிதர் அவர். அவரைப் பேயாகக் காட்டத் தேவையில்லை. சந்தியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும் சாதாரணப் பெரியவராக வரட்டும். அவர் வரும்போதெல்லாம் ஒரே ஒரு தாளம். மூன்றாம் முறை அந்தத் தாளம் கேட்கும்போது பிள்ளைகள் தாங்களாகவே பரியனை எச்சரித்துக் கத்துவார்கள். பிள்ளைகளைக் கதைக்குள் இழுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

எனக்கு மிகவும் மனவருத்தம் தந்தது அப்பாவைப் பாட்டு வாத்தியாராக மாற்றியதுதான். படத்தில் அவர் பெண் வேஷம் கட்டி ஆடும் கலைஞர். நெல்லை தங்கராஜ் என்ற உண்மையான நாட்டார் கலைஞரே அதில் நடித்தார். மகனின் கல்லூரிக்கு வந்த அவரை மாணவர்கள் ஓடவிட்டு, வேட்டியை உருவி அவமானப்படுத்துகிறார்கள். கூத்துப் போடுகிற ஒரு குழு, கூத்தாடியின் அவமானத்தைக் கதையிலிருந்து எடுத்துவிடுவதை நான் எப்படி ஏற்றுக்கொள்வேன்? எங்கள் கூத்துகளிலும் ஆண்கள் பெண் பாத்திரங்களை ஆடியிருக்கிறார்கள். அவர்கள் வீதியில் எப்படியெல்லாம் அழைக்கப்பட்டார்கள் என்பது மூத்தவர்களுக்குத் தெரியும். அந்தக் காட்சியை நாகரிகமாகச் செய்ய முடியும். மேடையில் இருக்கிற அத்தனை பேரும் பார்வையாளருக்கு முதுகு காட்டித் திரும்பி நிற்கட்டும். அவர் தனியே நிற்கட்டும். பிறகு இடைவேளைக்கு முன்னால், அவர் முழு உடுப்போடும் வந்து ஆட ஒரு முழு ஆட்டம் கொடுங்கள். பிள்ளைகள் கைதட்டுவார்கள். தாங்கள் கைதட்டிய அதே மனிதரைத்தான் ஓடவிட்டார்கள் என்பதும் அவர்களுக்கு விளங்கும்.

படத்தின் கடைசியில் வரும் இரண்டு தேநீர்க் கிளாசையும் நடுவில் இருக்கும் பூவையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். பாட்டு வேண்டாம். ஜோவின் தகப்பனும் பரியனும் பேசட்டும், அது போதும்.

'சாதியெல்லாம் இந்தியாப் பிரச்சினை, திருகோணமலையில் அது இல்லை' என்று செயற்குழுவில் ஒருவர் சொன்னதாகக் கேள்வி. அவரை நான் மதிக்கிறேன். ஆனால் கலியாணப் பேச்சு வரும்போது தரகர் முதலில் என்ன கேட்கிறார்? கோயில் திருவிழாவில் எந்த நாள் உபயம் யாருக்கு என்பது எதை வைத்து வந்தது? எங்கள் ஊரில் அதைச் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான். பிள்ளைகளுக்கு அது தெரியாது என்றும் நினைக்காதீர்கள். பத்துப் பதினொரு வயதிலேயே யார் வீட்டில் தண்ணீர் குடிக்கலாம், குடிக்கக் கூடாது என்பதைப் பெரியவர்களின் முகத்தைப் பார்த்தே படித்துவிடுகிறார்கள். அதைப் பற்றிக் கேட்க மட்டும் அவர்களுக்கு இடமில்லை. நாடகம் அந்த இடத்தைக் கொடுக்கும்.

இந்த ஊர்ப் பெற்றோருக்குக் கடினமானதைப் பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது என்றும் நினைக்க வேண்டாம். 2004 டிசம்பரில் கடல் வந்ததை இங்கே எல்லா வீட்டிலும் சொல்லியிருக்கிறோம். 2006 ஜனவரி 2ஆம் திகதி கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டதை, அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கும் சொல்லியிருக்கிறோம். வயதுக்கு ஏற்ற மாதிரி, சொல்ல வேண்டிய அளவில் சொன்னோம். யாரும் அதை வேறு கதையாக மாற்றிச் சொல்லவில்லை.

வேலையளவில் இரண்டு விஷயம். படத்தைத் தழுவுவதற்கு, அதைத் தயாரித்த நீலம் நிறுவனத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். சந்தோஷ் நாராயணனின் பாட்டுகளைப் பயன்படுத்துவதானால் அதற்கும் தனியாகக் கேட்க வேண்டும். ஊர் நாடகம்தானே என்று விட்டுவிடாதீர்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, தழுவி எழுதும் உரிமை படைத்தவருடையது. என்னைக் கேட்டால், பாட்டுகளை இங்கேயே புதிதாக எழுதி, எங்கள் மெட்டுகளில் போடுவதுதான் அழகு. இன்னொன்று, அழைப்பிதழில் எந்த வயதுப் பிள்ளைகளுக்கு ஏற்றது, எதைப் பற்றிய நாடகம் என்பதை ஒளிக்காமல் போடுங்கள். சாதி பற்றிய நாடகம் என்று தெரிந்தே வருகிற பெற்றோர், நாடகம் முடிந்தபின் பிள்ளையோடு கதைக்கத் தயாராக வருவார்கள். முடிந்தால் ஒவ்வொரு காட்சிக்குப் பிறகும் அரைமணி நேரம் நடிகர்கள் மேடையில் இருந்து பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்லட்டும். மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் வரும் மாணவர்கள் பஸ்ஸுக்கு நேரம் பார்ப்பார்கள், ஆகவே பிற்பகல் காட்சியும் ஒன்று வையுங்கள்.

எழுத்துரு இன்னும் முடியவில்லை என்று அறிந்ததால்தான் இப்போதே எழுதுகிறேன். பரியனின் அப்பாவாக யார் நடிப்பது என்பதும் முடிவாகவில்லையாம். அந்த வேஷத்தைக் கூத்து ஆடிப் பழகிய ஒருவருக்குக் கொடுங்கள். ஈச்சிலம்பற்று, வெருகல் பக்கம் விசாரித்துப் பார்ப்போம். ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி வாகனம் ஒழுங்குபண்ணினால் நானும் கூட வருகிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற நாடக ஆசிரியை ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.